அம்மாவின் சளி டப்பா

அம்மாவுக்கு இருமல் ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. நீலகிரியின் தேயிலைத் தோட்ட லைன் வீடுகளில் இருமலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பனி, விறகடுப்புப் புகை, கொழுந்து பறிக்கும்போது மழையில் நனைந்த உடம்பு என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். கடையில் இருமல் மருந்து வாங்கிக் குடித்தாள். சாயங்காலமானால் காய்ச்சல் வர ஆரம்பித்தது. ரவிக்கை தொளதொளவென்று ஆன பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனை செய்யச் சொல்லும் போர்டை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அது எங்கள் வீட்டுக்கும்தான் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

பரிசோதனை இலவசம். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். முதல் தடவை போனபோது லேப் பார்ப்பவர் வேறு ஊருக்கு டியூட்டிக்குப் போயிருந்தார். இரண்டாம் தடவை கொடுத்ததை, இது சளி இல்லை, எச்சில் என்று திருப்பிவிட்டார்கள். "ரெண்டு நாள் கூலி போச்சு, இனிமே நான் வரல" என்றாள் அம்மா. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அங்கிருந்த நர்ஸம்மாதான் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

மறுநாள் விடியற்காலை. பல் விளக்கவில்லை, வெறும் தண்ணீரில் வாய் மட்டும் கொப்பளித்தாள். வீட்டுக்குள் வேண்டாம், வெட்டவெளியில் எடுங்கள் என்று சொல்லியிருந்ததால் வாசலைத் தாண்டிச் செடி ஓரமாக நின்றாள். மூச்சை ஆழமாக இழுத்து அடக்கி, நெஞ்சிலிருந்து இருமினாள். மூன்றாவது இருமலில் மஞ்சளாகக் கெட்டியாக வந்தது. சளி டப்பாவின் மூடியை இறுகத் திருகி, பையில் போட்டு, பஸ்ஸில் வழிநெடுக மடியிலேயே வைத்திருந்தாள். பக்கத்தில் ஒரு குழந்தை வந்து உட்கார்ந்ததும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் போன் வந்தது. காசநோய். வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படுகிற வகைதான், ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும் என்றார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொன்னது பெரிய உதவி.

செய்தி லைன் முழுக்கப் பரவியது. பக்கத்து வீட்டு அக்கா குழந்தையை எங்கள் வீட்டுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார். நாங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அம்மாவின் தட்டையும் டம்ளரையும் தனியாக ஒதுக்கிவைத்தோம். நர்ஸம்மா வீட்டுக்கு வந்தபோது அதைப் பார்த்துவிட்டு, ஜன்னலைக் காட்டினார். குளிருக்குப் பயந்து சாக்கு வைத்து அடைத்திருந்தோம். "தட்டுல ஒட்டாதும்மா, காத்துலதான் வரும். இதைத் திறங்க முதல்ல." இரண்டு மாதமாக அந்த ஒரே அறையில் நான்கு பேர் படுத்திருந்தோம். அப்போதெல்லாம் யாருக்கும் பயமில்லை. மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் டம்ளரைத் தள்ளிவைத்தோம். இப்போது நினைத்தாலும் மனசு கனக்கிறது.

இதைப் பற்றிச் சென்னையிலேயே ஆய்வு நடந்திருக்கிறது என்று பிறகு படித்தேன். முடிவு 1959-இல் வெளியானது. வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டவர்களும், காசநோயாளிகளைத் தங்கவைத்து வைத்தியம் பார்க்கும் சானடோரியத்தில் இருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமானார்கள். வீட்டிலிருந்து மருந்து சாப்பிட்டவர்களோடு ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கும் அதனால் நோய் கூடுதலாக வரவில்லை. தொற்றுவது பெரும்பாலும் மருந்து தொடங்குவதற்கு முன்பே தொற்றிவிடுகிறது. அப்படியென்றால் ஆபத்தான நாட்கள், அந்தக் கூலிக் கணக்குப் பார்த்துத் தள்ளிப்போட்ட நாட்கள்தான்.

எங்கள் மூவருக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். நோய் இல்லை. வாரம் ஒரு நாள் வீதம் 12 வாரத்துக்குத் தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள். சத்துணவுக்காக அரசு தரும் பணம் மாதம் 500 ரூபாயிலிருந்து 2024 நவம்பரில் 1000 ஆகியிருக்கிறது. ஆதாரிலும் பாஸ்புக்கிலும் அம்மா பெயர் வேறுவேறாக இருந்ததால் அது வந்துசேரத் தாமதமானது. மற்றபடி வந்தது.

நான்காம் மாதம் ஒரு சாயங்காலம், பக்கத்து வீட்டு அக்கா வாசல்படி வரை வந்து நின்றார். அவர் வீட்டுக்காரருக்கும் ஒரு மாதமாக இருமல். "பல்லு விளக்காம எடுக்கணுமாமே?" என்று மெதுவாகக் கேட்டார். அம்மா உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, எப்படி இருமுவது என்று சொல்லிக்கொடுத்தாள். புதன்கிழமை முதல் பஸ்ஸில் அவர்கள் இருவரோடு அம்மாவும் போனாள்.