மூன்று பேர் எழுதிய கடிதம்

கல்லூரி நினைவுகளை எழுதச் சொன்னார் மலர் ஆசிரியர். நமது ஆங்கில மாஸ்டரைப் பற்றித்தான் தொடங்கினேன். பேனா இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட்டுக்குப் போய்விட்டது.

வலது மூலையில் முகவரி, அதன் கீழ் திகதி, முதல் வரியில் சுகம் விசாரிப்பு என்று எட்டாம் வகுப்பில் கடிதம் எழுதப் பழக்கியவர் அவர். சுகம் விசாரிக்காமல் விஷயத்துக்குப் போகிறவன் கடன் கேட்க வந்தவன் என்பார்.

1971இல் பிராட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனபோது, மானிங்ஹாமில் ஒரு வீட்டின் மேல்மாடி அறை கிடைத்தது. வீட்டுக்காரர் பாகிஸ்தானி, மீர்பூர்க்காரர், கம்பளி ஆலையில் இரவு வேலை. அவர் மனைவி யார்க்ஷயர்க்காரி. சப்பாத்தியும் சுடுவார், ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சியையும் வாட்டுவார்; என்னை ‘லவ்’ என்று அழைப்பார். முதல் வாரம் முழுக்க எனக்கு அது கூச்சமாக இருந்தது.

இந்தியா தன் வான்வழியை மூடிவிட்டதால், அந்த ஆண்டு பாகிஸ்தான் விமானங்கள் கொழும்பில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டுதான் கிழக்குப் பாகிஸ்தானின் டாக்காவுக்குப் போய்வந்தன. அதற்கு நன்றியாக வீட்டுக்காரர் என் வார வாடகையில் 25 பென்ஸ் குறைத்தார். கொழும்பின் பெயரால் இந்த யாழ்ப்பாணத்தானுக்குக் கிடைத்த சலுகை அது ஒன்றுதான்.

மூத்த மகனுக்கு அப்போது 19 வயது. ஊரிலுள்ள பெரியப்பா மகளைக் கட்டும்படி தகப்பன் சொன்னார். “நீங்கள் யாரைக் கேட்டு அம்மாவைக் கட்டினீர்கள்?” என்று கேட்டுவிட்டு, அன்றிரவே அவன் லீட்ஸுக்குப் போய்விட்டான். நானும் இளைஞன். அவன் கேட்டது நியாயம் என்றே நினைத்தேன்.

ஒரு நாள் காலை, வேலையால் வந்த கையோடு, எண்ணெய் மணக்கும் சட்டையுடன் அவர் மாடிக்கு ஏறி வந்தார். “மாஸ்டர் சாஹிப், மகனுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும்.” அவருக்கு ஆங்கிலம் எழுத வராது. எழுதத் தெரிந்த மனைவியிடம் கேட்க மானம் விடவில்லை.

அவர் சொல்லச் சொல்லத்தான் எனக்கு விளங்கியது. அவர் கப்பலேற எருமைகளை விற்றுப் பணம் கொடுத்தவர் அந்த அண்ணன். வெள்ளைக்காரியைக் கட்டியதால் தகப்பன் இவருடன் பேச்சை விட்டபோதும், சாகும்வரை அந்தக் கிழவரைப் பார்த்துக்கொண்டவரும் அவரே. கிராமமும் இப்போது இல்லை. மங்களா அணை 1967இல் முடிந்தபோது நீருக்குள் போய்விட்டது. “திருப்பிக் கொடுக்க என்னிடம் வேறு என்ன இருக்கிறது?” என்றார். பெற்ற மகனைக் கொடுத்துக் கடன் தீர்ப்பதா என்று வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

கடிதத்தைத் தபாலில் சேர்க்க நான் கீழே இறங்கினேன். சமையலறையில் அந்த அம்மா கையை நீட்டினார். வாசித்துவிட்டு, “எருமை இருக்கட்டும், லவ். கடமை என்ற சொல்லை எடுத்துவிடு. பச்சைக் கம்பளிச் சட்டை அலமாரியில் இருக்கிறது என்று போடு” என்றார். திரும்ப மாடி ஏறி எழுதினேன். சுகம் விசாரிக்கும் வரியை மட்டும் மாற்றவில்லை, அது மாஸ்டருடையது.

பத்து நாளில் பதில் வந்தது, உறையில் ‘மேல்மாடியில் இருப்பவருக்கு’ என்ற விலாசத்துடன்.

“அப்பாவுக்கு இவ்வளவு இலக்கணம் வராது. அம்மா ஒருநாளும் சுகம் விசாரித்ததில்லை. சாப்பிட்டாயா என்றுதான் கேட்பாள். ஆகவே இது உங்கள் வேலை. எருமைகளைப் பற்றி அப்பா என்னிடம் சொன்னதே இல்லை. சனிக்கிழமை சட்டையை எடுக்க வருகிறேன். அவர் எத்தனை மணிக்கு உறங்குவார் என்று எழுதுங்கள்.”

வெள்ளி இரவு வேலை முடிந்து வந்தால், சனிக்கிழமை காலை எட்டரைக்குப் படுத்துப் பின்னேரம் மூன்றரைக்கு எழும்புவார். அது அவனுக்கும் தெரிந்திருக்கும்.

வலது மூலையில் முகவரி, அதன் கீழ் திகதி. சுகம் விசாரித்துவிட்டு, நான்கு மணிக்கு வரும்படி எழுதினேன்.