முட்டை வெங்காயப் பக்கோடா: நான்கு ஞாயிற்றுக்கிழமைகள்

டீக்கடை வெங்காயப் பக்கோடாவைப் போல மொறுமொறுவென்று இருக்க வேண்டும், உள்ளே முட்டையும் இருக்க வேண்டும். இவ்வளவுதான் ஆசை. அதற்கு நான்கு ஞாயிற்றுக்கிழமைகளும் ஒன்றரை லிட்டர் கடலை எண்ணெயும் செலவாகிவிட்டன.

முதல் ஞாயிறு, தண்ணீருக்குப் பதிலாக இரண்டு முட்டைகளை உடைத்து ஊற்றிக் கடலை மாவைப் பிசைந்தேன். அப்போது அது பெரிய சாமர்த்தியமாகத் தோன்றியது. வாணலியில் கிள்ளிப் போட்டதும் எண்ணெய் நுரைத்துக்கொண்டு விளிம்புவரை பொங்கி வந்தது. பதறி அடுப்பை அணைத்தேன். கிடைத்தது பக்கோடா அல்ல, உப்பிப்போன ஆம்லெட் உருண்டைகள். நிறம் தங்கம், வாயில் வைத்தால் பஞ்சு. வெள்ளைக்கருவில் ஏறக்குறைய 90 சதவீதம் தண்ணீர்தான். சூடு பட்டதும் அதிலுள்ள புரதம் இறுகி, அந்த ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. ஈரம் போகாமல் மொறுமொறுப்பு எங்கிருந்து வரும்?

இரண்டாவது ஞாயிறு அவித்த முட்டைக்கு மாறினேன். நான்கு முட்டைகளைப் பொடியாக நறுக்கி வெங்காயத்தில் கலந்தேன். இந்த முறை குற்றம் முட்டையுடையது அல்ல, என் அவசரத்துடையது. வெங்காயத்தில் உப்பைத் தூவிய கையோடு மாவைக் கொட்டி, காய்ந்து கிடக்கிறதே என்று அரை தம்ளர் தண்ணீரும் விட்டேன். ஐந்து நிமிடத்தில் வெங்காயமும் தன் பங்குக்கு நீர் விட, பக்கோடா மாவு பஜ்ஜி மாவாகிவிட்டது. அதற்கு இன்னும் மாவு, அந்த மாவுக்கு இன்னும் உப்பு. போதாததற்கு மஞ்சள்கரு எண்ணெயில் உதிர்ந்து கருகி, அடுத்த ஈடு முழுக்கக் கரும்புள்ளி. அம்மா ஒன்றைப் பிட்டுப் பார்த்துவிட்டு, “குழம்பில் போட்டுவிடலாமா?” என்று கேட்டார். போட்டோம். குழம்பு நன்றாகவே இருந்தது.

மூன்றாவது ஞாயிறு ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடவில்லை. பெரிய வெங்காயம் மூன்றை நீளவாக்கில் மெலிதாக அரிந்து, இதழ் இதழாக உதிர்த்து, உப்புப் போட்டு அழுத்திப் பிசிறி 15 நிமிடம் வைத்தேன். கையில் பிடித்தால் விரலிடுக்கில் நீர் கசிந்தது. அந்த ஈரமே மாவுக்குப் போதும். முட்டையைத் துருவிச் சேர்த்தேன். பக்கோடா சரியாக வந்துவிட்டது! தம்பி நான்கைந்தை உள்ளே தள்ளிவிட்டு, “நன்றாகத்தான் இருக்கிறது அக்கா, முட்டை எங்கே?” என்றான். துருவல் மாவோடு மாவாகக் கரைந்துபோயிருந்தது. சாப்பிட்டவனுக்கே தெரியாத முட்டையை எதற்குப் போட வேண்டும்?

நான்காவது ஞாயிறுதான் மஞ்சளையும் வெள்ளையையும் தனித்தனியாக நடத்த வேண்டும் என்று புரிந்தது. வாங்கி ஒரு வாரமான முட்டைகளை எடுத்தேன். புது முட்டையை அவித்தால் தோலோடு பாதி வெள்ளையும் போய்விடும். பத்து நிமிடம் அவித்து, குளிர்ந்த நீரில் ஆறவைத்து உரித்தேன். நான்கு மஞ்சள்கருக்களையும் 100 கிராம் கடலை மாவிலும் மூன்று கரண்டி அரிசி மாவிலும் போட்டு, கட்டியில்லாமல் விரல் நுனியால் தேய்த்தேன். மஞ்சள்கருவில் கொழுப்பு நிறைய. மெது பக்கோடாவுக்கு டால்டாவை நுரைக்கத் தேய்ப்பார்களே, ஏறக்குறைய அந்த வேலையை இது செய்கிறது. மாவு ரவை போலப் பொலபொலவென்று ஆனது. வெள்ளைக்கருவை வெங்காய இதழின் அளவுக்கே கீற்றாக அரிந்து, துணியில் ஒற்றி, அரிசி மாவில் புரட்டினேன். புரட்டாமல் தவறிப்போன ஒரு கீற்று எண்ணெயில் படாரென்று வெடித்தது. மணிக்கட்டில் இன்னும் தழும்பு இருக்கிறது.

பிறகு வெங்காயத்தோடு பச்சை மிளகாய், இடித்த சோம்பு, இஞ்சி, கறிவேப்பிலை, தேய்த்த மாவு எல்லாவற்றையும் பிசிறி, வெள்ளைக்கருக் கீற்றுகளைக் கடைசியில் சேர்த்தேன். உருண்டை பிடிக்கவே கூடாது. விரல்களை விரித்து, உதிர்த்தாற்போல் எண்ணெயில் விட வேண்டும். தீ மிதமாக இருக்கட்டும். கிள்ளிப் போட்டது அடியைத் தொட்டதும் மேலே வந்தால் அதுதான் பதம். எப்போது எடுப்பது என்பதை நிறத்தைவிடக் காதுதான் சரியாகச் சொல்கிறது. சலசலப்பு அடங்கிச் சன்னமான முணுமுணுப்பாகும்போது அரித்தெடுத்தேன். வெங்காய நுனிகள் கண்ணாடியாக முறிந்தன, நடுநடுவே வெள்ளைக் கீற்று பல்லில் இழுபட்டது. இந்த முறை முட்டை எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு குறை மிச்சமிருக்கிறது. இருபது நிமிடம் கழித்துச் சாப்பிட்டவை லேசாகத் தளர்ந்துவிட்டன. வெள்ளைக்கருவின் ஈரம்தான், வேறென்ன. அடுத்த ஞாயிறு முக்கால் பதத்தில் எடுத்து ஆறவைத்து, தட்டில் போடும் நேரத்தில் மறுபடியும் பொரித்துப் பார்க்கப் போகிறேன். முதலில் எண்ணெய் வாங்க வேண்டும்.