சான்றிதழ் வகுப்பில் மேஸ்திரிக்கு இடமில்லை

சென்னையில் பசுமைக் கட்டட ஆலோசகராக வேலை பார்க்கிறேன். கூடவே, இந்தத் துறைக்கு வருகிறவர்களுக்கு வகுப்பும் எடுக்கிறேன். ஆர்க்கிடெக்ட், சிவில் இன்ஜினியர், ஏசி டிசைன் செய்கிறவர்கள், போன வருஷம் பட்டம் வாங்கிய பிள்ளைகள் என்று கலவையாக வருவார்கள். முக்கால்வாசிப் பேர் வருவது பரீட்சைக்காகத்தான். லீட் என்பது கட்டடங்களுக்குப் பாயின்ட் போட்டுப் பசுமைச் சான்றிதழ் தரும் அமெரிக்க முறை. அதன் முதல் படியான கிரீன் அசோசியேட் பரீட்சையில் 100 கேள்வி, 2 மணி நேரம். 200க்கு 170 எடுத்தால் பாஸ். 90.1 என்றால் எரிசக்திச் சிக்கனம், 62.1 என்றால் காற்றோட்டம், 55 என்றால் உள்ளே இருப்பவரின் சௌகரியம் என்று அமெரிக்க ஏசி பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் தரநிலை எண்களை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார்கள். பாஸான பிறகும் விடாது. 2 வருஷத்துக்கு 15 மணி நேரத் தொடர்கல்வி காட்டினால்தான் அந்தப் பட்டம் நிற்கும். ஒரு நிலை மேலே போய் ஏ.பி. வாங்கியவர்களுக்கு 30 மணி நேரம்.

இதைக் கிண்டல் செய்கிறவர்கள் நிறைய. "பாயின்ட் வேட்டை" என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஹைதராபாத்தில் இந்தியத் தொழில் கூட்டமைப்பான சி.ஐ.ஐ.யின் கோத்ரெஜ் பசுமை வணிக மையம் 2003இல் லீட்டின் உச்சச் சான்றிதழான பிளாட்டினம் வாங்கியபோது, இந்தியாவில் ஒரு கண்ணாடி வியாபாரியிடம் போய் "இந்தக் கண்ணாடி வெயிலில் எவ்வளவு சூட்டை உள்ளே விடும்?" என்று கேட்டால் விசித்திரமாகப் பார்த்திருப்பார். இன்று கேட்லாக்கிலேயே அதைச் சொல்லும் எஸ்.எச்.ஜி.சி. எண் அச்சாகி வருகிறது. பெயின்ட் டப்பாவில் வி.ஓ.சி., அதாவது காற்றில் ஆவியாகிக் கலக்கும் ரசாயனங்களின் அளவு இருக்கிறது. ஃப்ளை ஆஷ் கல் விற்கிறவர் எத்தனை சதவீதம் சாம்பல் என்று லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுக்கிறார். அரசாங்கம் சட்டம் போட்டு மட்டும் வந்ததல்ல இது. பரீட்சை எழுதிப் பாஸ் செய்தவர்கள் சலிக்காமல் கடிதம் கேட்டுக் கேட்டு வாங்கியதில் வந்தது. காகிதத்துக்கும் ஒரு வலு உண்டு.

என் குறை வேறு. எண் தெரிகிறது, அந்த எண் எந்த ஊருக்கு என்று தெரிவதில்லை.

ஃப்ளஷ் அவுட் என்று ஒரு விஷயம் இருக்கிறது. கட்டடம் முடிந்து, பெயின்ட், பசை, கார்பெட் வாடையெல்லாம் உள்ளே நிற்கும்போது, ஆட்கள் குடியேறுவதற்கு முன் வெளிக்காற்றைத் தள்ளி உள்ளே இருப்பதை வெளியேற்ற வேண்டும். லீட் கணக்கு, ஒரு சதுர அடிக்கு 14,000 கன அடி காற்று. வகுப்பில் கேட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் பதில் வரும். சரி, ஒரு லட்சம் சதுர அடி ஆபீஸுக்கு எவ்வளவு என்றால் 140 கோடி கன அடி என்று போட்டுவிடுவார்கள். அப்புறம் நான் அடுத்த வரியை வாசிக்கச் சொல்வேன். அந்த நேரம் முழுக்க உள்ளே ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. "அக்டோபர் மாசம் ஓ.எம்.ஆரில் கட்டடம் முடிகிறது. வெளியே ஈரப்பதம் எவ்வளவு இருக்கும்?" இந்த இடத்தில்தான் வகுப்பு அமைதியாகும்.

மழைக்காலச் சென்னைக் காற்றை 60க்குக் கீழே உலர்த்தி உள்ளே விட வேண்டுமென்றால் ஏசிக்குக் குளிர்நீர் தரும் சில்லர் இரவு பகலாக ஓட வேண்டும். கட்டடத்துக்கு மின் இணைப்பு இன்னும் முழுதாக வந்திருக்காது. ஆகவே ஜெனரேட்டர் ஓடும், டீசல் எரியும். பசுமைக் கட்டடத்துக்காக! அதே விதியில் இன்னொரு வழியும் இருக்கிறது: காற்று மாதிரி எடுத்து ஆய்வகத்தில் சோதித்து, அளவுக்குள் இருக்கிறதென்று காட்டலாம். இந்த ஊரில் நான் அதைத்தான் சொல்வேன். எது சரி என்று தேர்ந்தெடுக்க, விதியைவிட வெளியே அடிக்கிற காற்றைத் தெரிந்திருக்க வேண்டும். பரீட்சையில் அதற்கு மார்க் இல்லை.

உள்ளூர் விதிகளைச் சொல்லித் தரும்போது இந்தச் சிக்கல் குறைவு. எரிசக்தித் திறன் அமைப்பான பீ, 2018இல் வீடுகளுக்காகக் கொண்டுவந்த எகோ நிவாஸ் சம்ஹிதா எனக்குப் பிடித்த பாடம். நம்முடையதைப் போல வெப்பமும் ஈரமும் உள்ள இடங்களில், கார்பெட் ஏரியா, அதாவது சுவர்களுக்குள் இருக்கும் தரைப் பரப்பு, எவ்வளவோ அதில் ஆறில் ஒரு பங்கு அளவுக்காவது திறக்கக்கூடிய ஜன்னலும் பால்கனிக் கதவும் இருக்க வேண்டும் என்கிறது. மாணவர்களை அவரவர் குடியிருக்கும் ஃபிளாட்டை டேப் வைத்து அளந்துவரச் சொல்வேன். முதலில் பெருமையாக வருவார்கள், எங்கள் வீட்டில் பெரிய பெரிய ஜன்னல் என்று. "ஸ்லைடிங்கா?" என்று கேட்பேன். ஸ்லைடிங் ஜன்னலில் எப்போதும் ஒரு பாதி மூடித்தான் இருக்கும், ஆகவே பாதியைத்தான் கணக்கில் எடுக்க முடியும். மறுபடி கணக்குப் போட்டால் வீடு ஃபெயில். பில்டரைத் திட்டுவார்கள், பிறகு தாங்கள் ஆபீஸில் வரைந்துகொண்டிருக்கும் பிளானை ஞாபகப்படுத்திக்கொண்டு கொஞ்சம் அடங்குவார்கள். நான் எடுக்கிற பாடங்களிலேயே ஆழமாகப் பதிவது இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனாலும் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் கம்ப்யூட்டர் முன்னால் வேலை பார்க்கிறவர்கள். கட்டடம் பசுமையாவதும் ஆகாததும் முடிவாகிற இடம் வேறு.

ஏஏசி என்கிற லேசான கான்கிரீட் கல் ஒரு நல்ல உதாரணம். உள்ளே நுண்ணிய காற்றறைகள் இருப்பதால் சூட்டை எளிதில் கடத்தாது. கம்ப்யூட்டர் மாடலில் அந்தச் சுவரைப் போட்டால் ஏசி சுமை நன்றாகக் குறைகிறது. சைட்டுக்குப் போனால் கொத்தனார் அதைச் செங்கல் மாதிரி தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டிருப்பார். ஊறின கல் காயும்போது சுருங்கும், பூச்சில் மயிரிழை விரிசல் விடும். மூன்று மில்லிமீட்டர் பசையில் ஒட்ட வேண்டிய கல்லுக்கு அரை அங்குலம் சிமென்ட் சாந்து வைத்திருப்பார்கள். சாந்து சூட்டைத் தாராளமாகக் கடத்தும். மாடலில் காட்டிய சுவர் வேறு, நிற்கிற சுவர் வேறு.

ஒரு சைட்டில் மேஸ்திரியிடம் இதைச் சொன்னேன். "கல்லை நனைக்காம வெச்சா சாந்து பிடிக்குமா மேடம்?" என்றார். அவர் பிழைப்பு முழுக்கச் செங்கல்லில் கற்றது அது. செங்கல்லுக்கு அது நூறு சதவீதம் சரி. "அண்ணே, இதுக்கு சாந்தே வேணாம், பசைதான்" என்று சொல்லி, பல் வைத்த கரண்டியால் பசையை இழுத்துக் காட்டச் சொன்னேன் கம்பெனி ஆளை. மேஸ்திரி இரண்டு கல் வைத்துப் பார்த்தார். மட்டம் சரியாக இருந்தால்தான் இது வேலைக்கு ஆகும், முதல் வரிசையில் கோணல் விட்டால் பசையில் சரிக்கட்ட முடியாது என்று அவரே கண்டுபிடித்தார். எங்கள் பாடப் புத்தகத்தில் அந்த வரி இல்லை. இப்போது நான் சேர்த்துச் சொல்கிறேன்.

அதே மேஸ்திரி மொட்டை மாடியில் கேட்ட கேள்வி இன்னும் அருமை. பழைய நாளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கடுக்காய்த் தண்ணீரும் போட்டு அடித்து, மேலே தட்டோடு பதித்தவர். வெயிலைத் திருப்பி அனுப்புகிற வெள்ளை ஓடு இப்போது பதிக்கிறோம் என்றதும், "சரிங்க மேடம், இதை யாரு கழுவுவா? ரெண்டு வருஷத்துல கறுத்துடுமே" என்றார். லீட் நான்காம் பதிப்பில் தட்டையான கூரைக்கு இரண்டு எண் இருக்கிறது: புதிதாக இருக்கும்போது, வெயிலை எவ்வளவு திருப்பி அனுப்பிச் சூடாகாமல் இருக்கிறது என்று காட்டும் எஸ்.ஆர்.ஐ. 82, மூன்று வருஷம் வெயில் மழை பட்ட பிறகு 64. என் மாணவர்கள் இரண்டையும் மனப்பாடமாகச் சொல்வார்கள். இரண்டாவது எண் எதற்கு என்று அவர்களில் யாரும் கேட்டதில்லை. புத்தகத்தைப் பார்க்காத மேஸ்திரிக்கு அந்த எண்ணின் காரணம் தெரிந்திருந்தது.

கட்டடம் கைமாறிய பிறகு இன்னொரு கூட்டம் வருகிறது. பிளம்பர், ஹவுஸ்கீப்பிங், ஏசி ஆபரேட்டர். தண்ணீரைச் சிக்கனப்படுத்த குழாய் வாயில் சின்ன சல்லடை, ஏரேட்டர், மாட்டியிருப்போம். சென்னையின் போர் தண்ணீரில் அது சீக்கிரமே உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். புகார் வரும். பிளம்பர் வருவார், ஸ்பேனரால் ஒரு திருகு, சல்லடை குப்பைக்கூடைக்கு. தண்ணீர் கொட்டும், எல்லோருக்கும் சந்தோஷம். அதைக் கழற்றி வினிகரில் ஊறவைத்துத் திரும்ப மாட்டலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஏன் மாட்டினோம் என்றும் சொல்லவில்லை. ஏசி கதையும் இதுதான். 24 டிகிரி என்று வைத்துக் கணக்குப் போட்ட கட்டடம், ஒரு மேனேஜருக்கு வியர்த்ததால் 20இல் ஓடிக்கொண்டிருக்கும். ஆபரேட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவரிடம் பசுமை பற்றிப் பேசிய ஒரே ஆள் லாபியில் மாட்டியிருக்கும் பலகைதான்.

ஆகவே பயிற்சி நடத்துகிறவர்களிடம் ஒவ்வொரு முறையும் கேட்கிறேன், மேஸ்திரிகளையும் ஆபரேட்டர்களையும் கூப்பிடலாமா என்று. நல்ல யோசனை என்பார்கள், அத்தோடு சரி. ஆரோவில் மண் கட்டடக் கழகத்தில் கையால் மண் கல்லை அழுத்தி எடுத்துச் சுவர் வைத்துப் பழகுகிற பயிற்சி எத்தனையோ வருஷமாக நடக்கிறது, முடியாத காரியமில்லை. நடைமுறையில் முட்டுகிற இடம் காசு. என் வகுப்புக்கு வரும் இன்ஜினியருக்கு அன்றைய சம்பளம் உண்டு, கட்டணத்தை ஆபீஸ் கட்டுகிறது. மேஸ்திரி வகுப்புக்கு வந்தால் அன்றைக்குக் கூலி இல்லை. இலவச வகுப்பு என்று அறிவித்தாலும் அவருக்கு அது இலவசமில்லை. "சோறு போடுவோம், வாங்க" என்று கூப்பிட்ட ஒரு ஏற்பாட்டாளரிடம் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன்.

அடுத்த பயிற்சிக்கான பட்ஜெட்டை இந்த முறை நானே எழுதினேன். ஹால் வாடகை, பிரிண்ட், மதியச் சாப்பாடு, அதற்குக் கீழே கொத்தனார் கூலி, ஆபரேட்டரின் மாற்று ஆளுக்குச் சம்பளம். கணக்குப் பிரிவிலிருந்து அந்த இரண்டு வரியையும் மட்டும் மஞ்சள் அடித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள், "விளக்கம் தேவை" என்று. விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.