பரந்தன் மில்லும் செத்த டீமனும்

பரந்தன் மில்லில் தராசின் எடையைப் பதிகிற டீமன் (பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கிற புரோகிராம்), கரண்ட் போய் வந்தால் எழும்பாது. அதை முன்பு எழுதினவர், ஓடுகிற டீமனின் எண்ணைக் குறித்து வைக்கிற பிஐடி கோப்பை டிஸ்கில் வைத்திருக்கிறார். திடீரென்று கரண்ட் போனால் அதை அழிக்க ஆளில்லை. புதுசாக எழும்புகிற டீமனார் அதைப் பார்த்து "ஏற்கனவே ஆள் இருக்கு" என்று திரும்பிப் போய்விடுவார். நல்ல மரியாதை!

இப்போது அதற்குப் பதிலாகக் கோப்பில் எஃப்லொக் (flock) பூட்டுப் போட்டிருக்கிறேன். புரோசஸ் (ஓடுகிற புரோகிராம்) செத்தால் பூட்டை இயங்குதளத்தின் மையமான கேர்னலே அவிழ்த்துவிடும்.

மெமரி கசிவும் இருந்தது. பிழை வந்து பாதியில் திரும்புகிற இடத்தில், எடுத்த மெமரியைத் திருப்பிக் கொடுக்கிற ஃப்ரீ (free) இல்லை. மெமரிப் பிழைகளைத் தேடுகிற வல்கிரைண்ட் கருவி வரி எண்ணோடு காட்டித் தந்தது.

"டீமன் எழுதுற லொக் (log) ஃபைலை அழிச்சிட்டன், டிஸ்க் இன்னும் நிரம்பித்தான் கிடக்கு அண்ணை" என்கிறான் தம்பி. டீமன் அதைத் திறந்து வைத்திருக்கும் வரை இடம் வராதடா. ஒருக்கா ரீஸ்டார்ட் பண்ணு.