செவிவழி ஆங்கிலம்: உரையாடல் பாடங்களைக் கேட்டுக் கற்பது பற்றி

தமிழ்வழியில் படித்து வேலைக்கு வந்த என்னைப் போன்றவர்களுக்கு ஆங்கிலம் முதலில் கண்ணுக்குத்தான் அறிமுகமாகிறது. பாடநூலில் வாசித்து, அருஞ்சொற்பொருளை மனப்பாடம் செய்து, கட்டுரை எழுதி, தேர்வில் மதிப்பெண் பெற்று மேலே வருகிறோம். அந்தப் படிப்பு வீணானது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு மின்னஞ்சலைப் பிழையின்றி எழுதுவதற்கும் ஒப்பந்தம் ஒன்றைப் பொறுமையாகப் படித்துப் புரிந்துகொள்வதற்கும் இன்றும் அதுவே எனக்குத் துணை நிற்கிறது. ஆனால் கோவையில் பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் ஏற்றுமதிப் பிரிவில் சேர்ந்து, வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு தொலைபேசியில் பேச வேண்டி வந்தபோது, எழுத்தில் பார்த்திருந்தால் நொடியில் புரிந்திருக்கும் சொற்கள் காதில் விழும்போது அடையாளம் தெரியாமல் நழுவிப் போவதைக் கவனித்தேன். அதற்குக் காரணம் என்ன என்று தேடியபோதுதான் உரையாடல் வடிவிலான ஒலிப்பாடங்கள் மீது எனக்கு ஈடுபாடு வந்தது. பல ஆண்டுகளாக அவற்றைக் கேட்டு வரும் அனுபவத்தில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: அந்தப் பாடங்களை, அவற்றின் எழுத்து வடிவமான பனுவலைப் பார்க்காமல், முதலில் காதால் மட்டும் கேட்க வேண்டும், கண் இரண்டாவதாகத்தான் வர வேண்டும்.

ஆங்கிலப் பேச்சில் எல்லாச் சொற்களுக்கும் ஒரே அளவு அழுத்தம் கிடைப்பதில்லை. பொருளைச் சுமக்கும் பெயர்ச்சொற்களும் வினைச்சொற்களும் அழுத்தத்தைப் பெற்றுக்கொள்ள, ‘டு’, ‘ஆஃப்’, ‘ஃபார்’, ‘அண்ட்’ போன்ற சிறு சொற்கள் நசுங்கி, தம் உயிரொலியை இழந்து, மங்கலான ஓர் ஒலியாகச் சுருங்கிவிடுகின்றன. ஒலியியலார் அந்த மங்கிய ஒலியை ‘ஷ்வா’ என்று அழைக்கிறார்கள். ஆங்கிலத்தில் மிக அதிகமாக ஒலிக்கும் உயிரொலி அதுதான். ஆனால் அதற்கென்று தனி எழுத்து ஆங்கில நெடுங்கணக்கில் கிடையாது. கண்ணால் மட்டும் படித்தவருக்கு அப்படி ஓர் ஒலி இருப்பதே தெரியாமல் போவதில் வியப்பில்லை.

இதனால் வரும் குழப்பத்துக்கு நான் எப்போதும் காட்டும் எடுத்துக்காட்டு ‘கேன்’, ‘காண்ட்’ என்ற இணைதான். ‘முடியும்’, ‘முடியாது’ என்ற நேரெதிர்ப் பொருள்களைத் தரும் இவ்விரண்டையும் இறுதியில் வரும் ‘ட்’ ஒலியைக் கொண்டே நாம் பிரித்தறிய முயல்கிறோம். ஆனால் இயல்பான பேச்சில் அந்த ‘ட்’ பெரும்பாலும் முழுமையாக வெளிப்படுவதில்லை. கேட்பவருக்கு உண்மையில் உதவுவது அழுத்தம். ‘ஐ கன் சென்ட் இட் டுடே’ என்று சொல்லும்போது நடுவிலுள்ள சொல் சிறுத்து ஓடி ‘சென்ட்’ அழுத்தம் பெறும். முடியாது என்னும்போது அந்தச் சொல்லே நீண்டு, அழுத்தத்தோடு நிற்கும். ஒரு சரக்கு இன்று கப்பலேறுமா ஏறாதா என்பதை முடிவு செய்யும் இந்த வேறுபாட்டை எந்த அகராதியும் என் காதுக்குக் கற்றுத் தரவில்லை. இருவர் பேசுவதைத் திரும்பத் திரும்பக் கேட்டபோதுதான் அது வசப்பட்டது.

தமிழ்க் காதுக்கு இதில் கூடுதலாக ஒரு தடை இருக்கிறது. நம் மொழியில் க், ச், ட், த், ப், ற் என்ற வல்லின மெய்கள் சொல்லின் இறுதியில் வருவதில்லை. அதனால்தான் ‘பேங்க்’ நம் வாயில் ‘பேங்கு’ ஆகிறது. ‘பெல்ட்’, ‘பெல்ட்டு’ ஆகிறது. ஆங்கிலப் பேச்சிலோ சொல்லிறுதி வல்லினம் பல இடங்களில் வாய்க்குள்ளேயே நின்றுவிடுகிறது. நாம் உகரம் சேர்த்துத் தெளிவாக எதிர்பார்க்கும் இடத்தில் அவர்கள் ஒலியையே விழுங்கிவிடுகிறார்கள் என்பதால் அங்கே ஒரு சொல் இருந்ததே நமக்குத் தெரிவதில்லை. மறுபுறம், நமக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பு என்று பள்ளியில் புணர்ச்சி விதி படித்தவர்கள் நாம். மெய்யில் முடியும் சொல்லும் உயிரில் தொடங்கும் சொல்லும் சேர்ந்து ஒலிக்கும் அந்த இயல்பு ஆங்கிலப் பேச்சிலும் உண்டு. ‘பிக் இட் அப்’ என்று மூன்று சொற்களாக எழுதப்படுவது ‘பிக்கிட்டப்’ என்று ஒரே மூச்சில் வருகிறது. ‘நாட் அட் ஆல்’ என்பது ‘நாட்டட்டால்’ போல ஒலிக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, வேகமாகப் பேசுகிறார்கள் என்ற என் பழைய எண்ணம் மாறியது. அவர்களின் வேகம் பெரும்பாலும் சாதாரணமானதுதான். சொற்களின் எல்லைகள்தாம் நாம் நினைத்த இடங்களில் இல்லை.

ஒலிபரப்பின் வழியே ஆங்கிலம் கற்பிப்பது புதிய முயற்சி அன்று. பிபிசி 1943இலேயே வானொலியில் ஆங்கிலப் பாடங்களைத் தொடங்கியது. அமெரிக்காவின் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959 அக்டோபரில் ‘ஸ்பெஷல் இங்கிலிஷ்’ என்ற ஒலிபரப்பை ஆரம்பித்தது. ஏறத்தாழ 1,500 சொற்களைக் கொண்ட ஒரு சொற்பட்டியலுக்குள் நின்று, குறுகிய வாக்கியங்களில், வழக்கமான செய்தி வாசிப்பைவிட மூன்றில் ஒரு பங்கு மெதுவாக உலகச் செய்திகளைச் சொன்ன நிகழ்ச்சி அது. தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு அந்த நிதானம் பெரிய ஆறுதல். ஆயினும் அது ஒருவர் வாசிப்பது; அங்கே பதில் சொல்ல எதிரே யாரும் இல்லை. அன்றாடப் பேச்சின் சொற்கள் கிடைப்பது இருவர் உரையாடும் பாடங்களில்தான்.

அவற்றில் நான் மிகவும் மதிப்பது பிபிசியின் ‘சிக்ஸ் மினிட் இங்கிலிஷ்’. பெயர் சொல்வது போலவே ஏறத்தாழ ஆறு நிமிடம். இரண்டு பேர் ஒரு பொருளைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். தொடக்கத்திலேயே ஒருவர் மற்றவரிடம் ஒரு கேள்வி கேட்டு, விடையைக் கடைசி வரை நிறுத்தி வைப்பார். இடையில் அந்தத் துறை சார்ந்த ஒருவரின் உண்மையான பேட்டியிலிருந்து ஒரு துண்டு ஒலிக்கும். வந்த சொற்களையும் தொடர்களையும் இறுதியில் மீண்டும் விளக்குவார்கள். இதில் எனக்கு விலைமதிப்பற்றதாகத் தோன்றுவது அந்தப் பேட்டித் துண்டுதான். நிகழ்ச்சியை நடத்துபவர்கள் கற்பவர்களை மனத்தில் வைத்துத் தெளிவாகப் பேசுகிறார்கள். பேட்டி கொடுப்பவரோ தயங்குவார், வாக்கியத்தைப் பாதியில் விட்டு வேறு வழியில் தொடங்குவார், ‘யூ நோ’, ‘ஐ மீன்’ என்று இடைவெளியை நிரப்புவார். தொலைபேசியில் எனக்கு வாய்ப்பவர்கள் அப்படித்தான் பேசுகிறார்கள். அதே பிபிசியின் ‘தி இங்கிலிஷ் வீ ஸ்பீக்’ இன்னும் சிறியது. சுமார் மூன்று நிமிடத்தில் ஒரே ஒரு வழக்குத் தொடரை எடுத்துக்கொண்டு, அதைச் சிறு நாடகம் போல நடித்துக் காட்டி விளக்கும். பேருந்தில் நின்றுகொண்டே ஒன்றைக் கேட்டு முடிக்கலாம்.

சொற்களைப் பொறுத்தவரை, பாடநூல் ஆங்கிலத்துக்கும் பேச்சு ஆங்கிலத்துக்கும் உள்ள தூரம் எனக்கு முதலில் புலப்பட்டது வினைத்தொடர்களில். ஒத்திவைப்பதற்கு ‘போஸ்ட்போன்’, சகித்துக்கொள்வதற்கு ‘டாலரேட்’, விசாரிப்பதற்கு ‘இன்வெஸ்டிகேட்’ என்று லத்தீன் மூலம் கொண்ட கனமான சொற்களை நாம் பள்ளியிலேயே கற்றுவிடுகிறோம். வீட்டிலும் கடையிலும் அலுவலகத்திலும் அவர்கள் சொல்வதோ ‘புட் ஆஃப்’, ‘புட் அப் வித்’, ‘லுக் இன்டு’. இவற்றின் ஒவ்வோர் உறுப்பும் முதல் வகுப்புக் குழந்தைக்கும் தெரிந்த சொல். சேர்ந்து நிற்கும்போது வரும் பொருளோ உறுப்புகளைக் கூட்டிப் பார்த்தால் கிடைக்காது. எனவே இவற்றைப் பட்டியலாக மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ‘வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்’ என்று ஒரு குரல் சலிப்போடு சொல்வதைக் கேட்டால், தீர்ந்துபோவது என்ற பொருள் அந்தச் சலிப்போடு சேர்ந்தே மனத்தில் தங்கிவிடுகிறது.

உரையாடலில் மட்டுமே கிடைக்கும் இன்னொன்று, கேள்வியும் பதிலும் இணையாக வருவது. ‘வுட் யூ மைண்ட் வெயிட்டிங்?’ என்று ஒருவர் கேட்டால், காத்திருக்கச் சம்மதிப்பவர் சொல்ல வேண்டிய பதில் ‘நோ, நாட் அட் ஆல்’ என்பதாகும். ஏனெனில், உங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்பதே கேள்வி. இலக்கணமாகப் படித்தால் ஒவ்வொரு முறையும் யோசித்துத்தான் பதில் சொல்ல முடியும். இணையாகவே காதில் ஏறிவிட்டால் யோசனைக்கு வேலை இல்லை. அதே போல ‘ஃபேர் இனஃப்’, ‘நோ வொரீஸ்’, ‘ரியலி?’, ‘ஹவ் கம்?’ முதலிய சிறு மறுமொழிகளே ஒரு பேச்சைத் தொடரச் செய்கின்றன. தமிழில் ‘அப்படியா’, ‘சரிதான்’, ‘ம்’ என்று நாம் கொட்டிக்கொண்டே கேட்பதில்லையா? ஆங்கிலத்தில் அவற்றைக் கொட்டத் தெரியாமல் மௌனமாக இருந்தால், எதிரே இருப்பவர் நமக்குப் புரியவில்லை என்றே எண்ணிக்கொள்கிறார்.

நான் பின்பற்றும் முறை எளியது. ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு, பனுவலைத் திறக்காமல் முழுவதும் கேட்பேன். எதைப் பற்றிப் பேசினார்கள், யார் எதை மறுத்தார்கள் என்று எனக்கு நானே தமிழில் சொல்லிப் பார்ப்பேன். இரண்டாம் முறை, புரியாத இடங்களில் நிறுத்தி, கேட்ட ஒலியைத் தமிழ் எழுத்திலேயே குறித்துக்கொள்வேன். அதன் பிறகுதான் பனுவல். குறித்து வைத்த ஒலியையும் அச்சிலிருக்கும் சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அந்த நேரத்தில்தான் உண்மையான கல்வி நடக்கிறது என்பது என் கருத்து. பனுவலை முதலிலேயே படித்துவிட்டுக் கேட்பவருக்குக் கண் முந்திக்கொண்டு விடை சொல்லிவிடுவதால், காது உழைக்கவே வாய்ப்பில்லாமல் போகிறது. கடைசியாக, பேசுபவர் முடிக்கும் முன்பே அவர் குரலைத் தொடர்ந்து நானும் வாய்விட்டுச் சொல்வேன். இதற்குத் தனியிடம் வேண்டும். மொட்டை மாடி எனக்குப் பொருத்தமாக அமைந்தது. குறிப்பேட்டில் தனிச் சொல்லை எழுதுவதில்லை. அது வந்த வாக்கியத்தையும், யார் யாரிடம் எந்த மனநிலையில் சொன்னார் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

கேட்டதைத் திரும்பக் கேட்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. அமெரிக்க மொழியியலாளர் பால் பிம்ஸ்லர் 1967இல் வெளியிட்ட கட்டுரையில், புதிய சொல்லை நினைவூட்டும் இடைவெளிகளைப் படிப்படியாக நீட்டிக்கொண்டே போக வேண்டும் என்று சொன்னார்: 5 நொடி, 25 நொடி, 2 நிமிடம், 10 நிமிடம், 1 மணி, 5 மணி, 1 நாள், 5 நாள், 25 நாள் என்று அது விரியும். மறக்கப் போகும் தறுவாயில் நினைவுபடுத்துவதே அதன் உட்கருத்து. அவர் பெயரில் வரும் ஒலிப்பாடங்கள் இந்த அடிப்படையில் அமைந்தவை. வேலைக்குப் போகிறவர்கள் இதை நொடிக்கணக்கில் கடைப்பிடிக்க இயலாது. ஆனால் இன்று கேட்ட பாடத்தை மறுநாளும், அடுத்த வாரமும், அடுத்த மாதமும் ஒருமுறை கேட்பது யாருக்கும் முடியும். தினமும் புதிய பாடம் தேடுவதைவிட இது பலன் தருகிறது.

தமிழ் வழியாக ஆங்கிலம் சொல்லித் தரும் ஒலிப்பாடங்களும் இணையத்தில் ஏராளம். ஆங்கிலம் பேசவே அஞ்சுகிறவர்களுக்கு அவை துணிவைத் தருவதை நேரில் பார்த்திருக்கிறேன். அந்த ஆசிரியர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் தமிழ் வாக்கியம், உடனே அதன் ஆங்கிலம், மீண்டும் தமிழ் என்ற அமைப்பு, ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்து நிறுத்திவிடுகிறது. நிறுத்தி நிதானமாகச் சொல்லப்படும் வாக்கியத்தில் நான் மேலே சொன்ன நசுங்கலும் புணர்ச்சியும் இருப்பதில்லை. அடிப்படை வாக்கியங்கள் கைவந்ததும் அங்கிருந்து நகர்ந்துவிட வேண்டும் என்றே சொல்வேன்.

என் தங்கை செவிலியர். பிரிட்டன் செல்வதற்காக, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடிக்குத் தயாராகிறாள். அதன் கேட்டல் பகுதியில் 42 கேள்விகள். ஒலிப்பதிவு ஒரே ஒருமுறைதான் ஒலிக்கும். மருத்துவச் சொற்கள் அவளுக்கு அத்துப்படி. நோயாளி பேசும் மொழிதான் புதிது. கால் மரத்துப்போய் ஊசி குத்துவது போல இருப்பதை அவர்கள் ‘பின்ஸ் அண்ட் நீடில்ஸ்’ என்பார்கள். விட்டுவிட்டு வரும் வலியை ‘இட் கம்ஸ் அண்ட் கோஸ்’ என்பார்கள். விண்விண்ணென்று தெறிக்கும் தலைவலி ‘த்ராபிங்’, மந்தமான நோவு ‘டல் ஏக்’, கிறுகிறுப்பு ‘லைட் ஹெடட்’. பொதுவான உரையாடல் பாடங்களில் இவை அரிதாகவே வருகின்றன. ஆகவே இருவரும் சேர்ந்து, நோயாளியும் செவிலியரும் பேசுவது போலச் சிறு உரையாடல்களை எழுதி, அவளோடு பணியாற்றி இப்போது அங்கே வேலை செய்யும் தோழி ஒருவரிடம் அனுப்புகிறோம். அவர் இயல்பாக ஒலிக்காத இடங்களைத் திருத்தி, தாமே பேசிப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் திருப்பி அனுப்புகிறார். இரவுப் பணிக்குப் போகும் வழியில் தங்கை அதைப் பனுவல் இல்லாமல் கேட்கிறாள். எழுதிய தாள் என்னிடம் இருக்கிறது, அவள் கேட்டு முடித்த பிறகே கொடுக்கிறேன். இப்போது எங்கள் கையில் இருப்பது, அறுவை சிகிச்சைக்கு மறுநாள் காலையில் நோயாளியிடம் செவிலியர் நலம் விசாரிக்கும் உரையாடல்.