வீட்டுச் சுவருக்குப் பிறர் எடுத்த படங்கள்: அனுமதி கேட்டு அச்சிட்ட அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள எங்கள் வீட்டு வரவேற்பறைக்காக அச்சிட்டு வரும் படங்களில் பெரும்பாலானவை இப்போது பிரேமுக்குள் வந்துவிட்டன. அவற்றுள் ஒன்றைக்கூட நான் எடுக்கவில்லை என்பதால், காகிதம், மை பற்றி யோசித்ததைவிட உரிமை பற்றி யோசித்ததே அதிகம்.

தென்னாப்பிரிக்காவின் 1978ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் (98ஆம் எண்) புகைப்படத்தைக் கலைப்படைப்பாகக் கருதுகிறது. சொந்த உபயோகத்துக்காக நியாயமான அளவில் நகலெடுப்பதை அது உரிமை மீறலாகக் கொள்வதில்லை. ஆயினும் அந்தச் சலுகை வீட்டில் இருக்கும் எனக்கே தவிர, கூலி வாங்கிக்கொண்டு அச்சிடும் கடைக்காரருக்கு அது அப்படியே பொருந்தும் என்று நம்பிவிட முடியாது. வாட்டர்மார்க் (படத்தின் மேல் பதிந்திருக்கும் உரிமையாளர் அடையாளம்) உள்ள ஒரு படத்தைக் கொடுத்தபோது கடைக்காரர் எழுத்து மூலமான அனுமதி கேட்டதை நான் குறையாகக் கருதவில்லை.

எளிதாக முடிந்தது தாத்தாவும் ஆயாவும் 1958இல் ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட படம். எங்கும் வெளியிடப்படாத புகைப்படத்துக்கு, அது எடுக்கப்பட்ட ஆண்டின் முடிவிலிருந்து 50 ஆண்டுகளே பாதுகாப்பு உண்டு. ஆகவே 2008 முடிந்ததோடு இதன் உரிமைக்காலமும் முடிந்தது. ஸ்கேன் செய்து, கறைகளை நீக்கி, பளபளப்பில்லாத மேட் காகிதத்தில் நானே அச்சிட்டேன்.

அக்காவின் திருமணப் படங்கள்தான் என்னை நெடுநேரம் உட்கார வைத்தன. படத்தின் அமைப்புக்குப் பொறுப்பானவரையே இச்சட்டம் படைப்பாளியாகக் கொள்கிறது. ஆனால் ஒருவர் பணம் கொடுத்தோ கொடுப்பதாக ஒப்புக்கொண்டோ புகைப்படம் எடுக்கச் சொன்னால், வேறு உடன்பாடு இல்லாதவரை, உரிமை அப்படி எடுக்கச் சொன்னவரையே சேரும். நம் வீட்டுக் கல்யாணங்களில் அந்த இடத்தில் மணமக்கள் இருப்பது அரிது. இங்கே ஏற்பாடு செய்து பணம் கொடுத்தவர் பெரியப்பா. அவர் பத்திரமாக வைத்திருந்த ரசீதின் பின்புறத்தில், பதிப்புரிமை புகைப்படக்காரரிடமே இருக்கும் என்று பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது. அந்த ஒரு வரி இல்லாவிட்டால் பெரியப்பாவின் சம்மதமே போதுமாக இருந்திருக்கும். கல்யாண ரசீதுகளைத் தூக்கி எறியாதவர்கள் பாக்கியசாலிகள். புகைப்படக்காரருக்கு எழுதினேன், மூன்று படங்களுக்கு அவர் மின்னஞ்சலில் சம்மதம் தந்தார், கடைக்காரருக்கும் அதுவே போதுமானதாக இருந்தது.

அடுத்தது, டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலுள்ள அம்பலவாணர் ஆலயத்தில் புனித வெள்ளியன்று நடைபெறும் தீமிதியின் படம். முகநூலிலிருந்து இறக்கிய கோப்பின் நீளப் பக்கம் 2,048 பிக்சல் (படப்புள்ளி). ஏ4 அளவில் அச்சிட்டால் அங்குலத்துக்குச் சுமார் 175 பிக்சல்தான் கிடைக்கும். தெளிவான அச்சுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் 300 வேண்டுமானால் நீளப் பக்கம் ஏறத்தாழ 3,508 பிக்சல் இருக்க வேண்டும். எடுத்த இளைஞருக்கு இப்படி எழுதினேன்: “தம்பி, உங்கள் தீமிதிப் படத்தை எங்கள் வீட்டுச் சுவரில் மாட்ட ஒரே ஒரு பிரதி, ஏ4 அளவில் அச்சிட விரும்புகிறேன். விற்கவோ இணையத்தில் போடவோ மாட்டேன். சம்மதமா?” அவர் சம்மதித்ததோடு மூலக் கோப்பையும் அனுப்பிவைத்தார். சட்டச் சலுகையை நம்பிச் சும்மா இருந்திருந்தால் அந்தத் தெளிவான கோப்பு கிடைத்திருக்காது. கேட்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. அளவு, பிரதிகளின் எண்ணிக்கை, மாட்டும் இடம் ஆகிய மூன்றையும் முதற்செய்தியிலேயே சொல்லிவிட்டால் பதில் விரைவாக வருகிறது.

கட்டற்ற உரிமப் படங்களின் இணையத் தொகுப்பான விக்கிமீடியா காமன்ஸிலிருந்து இறக்கிய டர்பன் துறைமுகப் படத்துக்குத் தனி அனுமதி தேவைப்படவில்லை. அதன் உரிமம் அச்சிடுவதை அனுமதிக்கிறது. எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் பிரேமின் பின்புறம் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இப்போது இங்குள்ள ஒரு சங்கத்தார் தீமிதிப் படத்தின் பெரிய பிரதி ஒன்றைத் தங்கள் மண்டபத்துக்குக் கேட்கிறார்கள். எனக்குக் கிடைத்த சம்மதம் வீட்டுச் சுவரோடு நின்றுவிடுவதால், மண்டபத்தில் மாட்டுவதைக் குறிப்பிட்டு அந்தத் தம்பிக்கு மீண்டும் எழுதியிருக்கிறேன். அவர் பதில் வந்த பிறகே ஏ2 காகிதம் வாங்குவேன்.