பழைய ஃபோக்ஸ்வேகன் கேம்பர் வேனின் ஸ்டீரிங் ஆட்டம்: வேலைக் குறிப்பு

8 மார்ச் 2025, சனி

வண்டி ஹனோவரில் செய்த 1974 டைப் 2. எழுபது கிலோமீட்டர் வேகம் தாண்டினால் அலைகிறது. ஸ்டீரிங் விளிம்பில் மூன்று விரல் அகல ஆட்டம். இதைக் கண்டதும் ஸ்டீரிங் பாக்ஸின் (ஸ்டீரிங் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பல்லிணைப் பெட்டி) திருகை முறுக்கத்தான் எல்லாருக்கும் கை போகும். அது கடைசி வேலை. மற்ற தேய்மானத்தை அது சரிசெய்யாது.

முதலில் டயர். மாட்டியிருப்பது கார் டயர். எஞ்சின் பின்னால், வீட்டுச்சாமான் முழுக்க மேலே; மெல்லிய பக்கச்சுவர் இந்த எடையில் நெளியும், வண்டி அலையும். அதிக எடை தாங்கும் 185ஆர்14சி வேன் டயர்தான் வேண்டும். காற்று முன்னால் 30, பின்னால் 40 பிஎஸ்ஐ என்று தொடங்கலாம். நான்கிலும் ஒரே அளவு அடித்தால் பின்பக்கம் தளரும், பக்கக்காற்றில் வண்டி இன்னும் மோசமாகும்.

9 மார்ச், ஞாயிறு

சக்கரங்கள் தரையில் இருக்க, ஒருவர் ஸ்டீரிங்கை இருபுறமும் சிறிது சிறிதாக ஆட்ட, கீழே ஒவ்வொரு இணைப்பிலும் விரல் வைத்துப் பார்த்தேன். டயர் தரையைப் பிடித்திருந்தால்தான் ஆட்டம் தெரியும். டிராக் லிங்க் (ஸ்டீரிங் பாக்ஸிலிருந்து வரும் கம்பி) சரி. இடது டை ராடு (சக்கரத்தைத் திருப்பும் கம்பி) முனையில் லேசான தட்டல். பெரிய குற்றவாளி பீமின் (முன் அச்சுக் குழாய்கள்) நடுவில் உள்ள ஸ்விங் லீவர். அதன் அச்சாணியும் அதைச் சுற்றியுள்ள புஷ்ஷும் தேய்ந்திருக்கின்றன. இரண்டு டை ராடுகளும் அதில்தான் தொங்குகின்றன, ஆகவே அங்கே அரை மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தாலும் இரு சக்கரத்துக்கும் போகும்.

பிறகு ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். ஆடியது. பிரேக்கை மிதிக்கச் சொன்னதும் நின்றுவிட்டது: அப்படியானால் பால் ஜாயின்ட் (சக்கரத்தைத் தாங்கும் குண்டு இணைப்பு) அல்ல, வீல் பேரிங். மிதித்த பிறகும் ஆடினால்தான் பால் ஜாயின்ட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

15 மார்ச், சனி

ஸ்விங் லீவரின் அச்சாணி துருவில் ஒட்டியிருந்தது. சுத்தியலை எடுப்பதற்கு முன் இரண்டு இரவு துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைத்தது நல்லதாயிற்று. அவசரப்பட்டு அடித்தால் பீமே நெளியும். புதுப் புஷ் அடித்ததும் உள்துளை சற்றுச் சுருங்கும். அச்சாணியின் அளவுக்கு ரீமர் (துளையை அகலப்படுத்தும் கருவி) போட்டே ஆகவேண்டும், இல்லாவிட்டால் ஸ்டீரிங் இறுகும். முடிந்ததும் லித்தியம் கிரீஸ், பீமின் மற்ற நிப்பிள்களுக்கும் (கிரீஸ் அடிக்கும் வாய்கள்). பழைய கிரீஸ் ஓரத்தில் பிதுங்கும்வரை அடிக்க வேண்டும், சக்கரங்கள் தூக்கியிருக்கும்போதே.

டை ராடு முனையைக் கழற்ற நட்டைத் தளர்த்திவிட்டு அது மாட்டியிருக்கும் ஆர்மின் (தண்டின்) பக்கவாட்டில் அடி. மரையின் மீது அடிக்காதே. வீல் பேரிங்கையும் சரியான இறுக்கத்துக்குக் கொண்டுவந்தேன்.

16 மார்ச், ஞாயிறு

இப்போது பாக்ஸ். சக்கரம் நேராக இருக்கும்போது லாக் நட்டைத் தளர்த்தி, திருகை எட்டில் ஒரு சுற்று மட்டும். உடனே இரு கோடிக்கும் திருப்பிப் பார்க்கவேண்டும். உள்ளே நடுப்பகுதிதான் அதிகம் தேயும். நடுவின் தளர்வு தீர இறுக்கினால் ஓரங்களில் கடிக்கும். வளைவில் இருந்து ஸ்டீரிங் தானாகத் திரும்பி வரவில்லையென்றால் இறுக்கம் அதிகம், தளர்த்திவிடு.

ஸ்டீரிங் டேம்பரையும் (அதிர்வை அடக்கும் கருவி) மாற்றினேன். கடைசியில் மாற்றியதற்குக் காரணம் உண்டு: புது டேம்பர் தேய்மானத்தை மறைத்துவிடும்.

22 மார்ச், சனி

சக்கர அலைன்மென்ட்: முதலில் கேம்பர் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு), அடுத்து டோ (சக்கரங்களின் முன்பகுதி உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு). மாற்றிச் செய்தால் டோ மறுபடி கலையும். விளிம்பில் ஆட்டம் இப்போது ஒரு விரலுக்கும் குறைவு. தண்ணீர்த் தொட்டியைப் பின்னிருந்து முன் இருக்கைக்குப் பின்புறம் நகர்த்தினோம், முன் சக்கரத்துக்குக் கொஞ்சம் எடை வரட்டும் என்று.